டம்மி ஜெயிச்சா என்ன ஆகும்

குடுக்க வேண்டிய பேப்பர் என் சட்டைப்பையில் இருக்கிறது. மணி ரெண்டு ஐந்து. மூணு மணிக்குள் உள்ளே மேஜையில் இருக்கிற ஆபீஸர் அம்மாவிடம் குடுக்காவிட்டால் என் அண்ணன் பெண்டாட்டி, அதான் என் மைனி, அவள் பெயர் ஓட்டு மெஷினில் ஏறிவிடும், ஏறினால் என் அண்ணனுக்கு லாரி போய்விடும், இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் நகராட்சி ஆபீஸ் வராந்தா பெஞ்சில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் இருந்தால் கூட்டத்தின் மேல் பழியைப் போடலாம். கூட்டம் இல்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது, பத்து எட்டு வைத்தால் மேஜை. அந்தம்மா ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துவிட்டார்கள். பேப்பரில் மேலே வேட்புமனுவைத் திரும்பப் பெறுவதாக அச்சடித்திருக்கிறது, கீழே மைனி கையெழுத்து. ஜெயக்கொடி. கிறுக்காமல், சுழிக்காமல், பிள்ளைகளுக்கு போர்டில் எழுதிப்போடுகிற மாதிரி முழுப் பெயர். காலையில் அண்ணன் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் எழுதி முடித்து, ஊதி, என் கையில் தந்து, "மடக்காம கொண்டு போ சுனை" என்றாள். தெருமுனை திரும்பியதும் நாலாக மடக்கினேன். ஏன் மடக்கினாய் என்றால் அவள் மடக்காதே என்று சொன்னதால்தான், வேறு காரணம் கிடையாது. அவள் நர்சரி ஸ்கூலில் மிஸ், இன்றைக்கு லீவு தரவில்லை. அண்ணன் நகராட்சித் தண்ணி லாரி ஓட்டுகிறான், இன்றைக்கு ஆறு நடை. அவள் எழுதிக் குடுத்தால் முன்மொழிந்தவன் கொண்டு போனாலும் செல்லும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். முன்மொழிந்தவன் நான். பதினெட்டு முடிந்து ஓட்டர் கார்டு வந்து முழுசாக நாலு மாசம் ஆகவில்லை, அந்தக் கார்டு செய்த முதல் வேலை அவளுக்குக் கையெழுத்துப் போட்டது. கார்டு வந்த அன்றைக்கு அண்ணனிடம் காட்டினேன். "நல்லாருக்குலே போட்டோ" என்றான், கார்டைப் பார்க்காமல். அவன் அப்போது மைனியின் செருப்பு வாருக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தான்.

டம்மி. இந்த ஒரு வார்த்தையை இந்தப் பத்து நாளில் கேட்டமாதிரி நான் எதையும் கேட்டதில்லை. எங்கள் வார்டு இந்தத் தடவை லேடீஸ் வார்டாகிவிட்டது, அதனால் கட்சியின் வார்டு செயலாளர் கொம்பையா அண்ணாச்சி தன் வீட்டம்மா செண்பகவல்லியை நிறுத்துகிறார். செண்பகம் அத்தைக்கு எலக்‌ஷனும் தெரியாது ஒன்றும் தெரியாது, சீரியல் நேரத்தில் பிரச்சாரம் இருக்குமா என்று மட்டும் கேட்டார்களாம். அத்தை மனுவில் ஏதாவது குளறுபடி வந்து தள்ளிவிட்டால் வார்டே போய்விடும், அதனால் கூடவே இன்னொரு பொம்பளை சுயேச்சையாக மனுப் போட வேண்டும், அத்தை மனு செல்லும் என்றானதும் இவள் வாபஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வார்டில் டிகிரி முடித்தவள், வீட்டு வரி பாக்கி இல்லாதவள், முக்கியமாக சொன்னபடி கேட்கிறவள் யார் என்று பார்த்ததில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனுக்கு நகராட்சியில் லாரி வேலை வாங்கித் தந்ததே கொம்பையா அண்ணாச்சிதான், முடியாது என்று எப்படிச் சொல்வான். வக்கீல் ஆபீஸில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். "டம்மின்னா என்ன அண்ணாச்சி, பெறவு எதுவும் கேஸு கீஸு வந்துராதுல்லா?" என்று அண்ணன் கேட்டான். "ஸ்டெப்னி டயருடே. வண்டிலயே வரும். ரோட்டுல உருளாது. லாரி ஓட்டுதவனுக்கு நான் சொல்லணுமாக்கும்" என்றார் கொம்பையா. வக்கீல் கண்ணாடியைக் கழற்றி, "அப்படிச் சொல்லக்கூடாது, மாற்று வேட்பாளர்னு சொல்லணும், அதான் மரியாதை" என்றார். பிறகு அவரே விளக்கினார், அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். டம்மியில் பல தினுசு இருக்கிறதாம். ஒரு டம்மி வாபஸே வாங்காமல் கடைசி வரை நிற்கும், அதன் பெயரைச் சொல்லி பூத்துக்குள் நம் ஆள் ஒருத்தனைக் கூடுதலாக உட்கார வைக்கலாம். இன்னொரு டம்மி எதிராளியின் பெயரையே வைத்திருக்கும், அதற்காகவே தேடிப்பிடித்து நிறுத்துவார்கள், சனம் குழம்பி நூறு ஓட்டு அதில் குத்தும். "நம்ம தங்கச்சி இந்த ரெண்டும் கெடையாது, இது கௌரவமான டம்மி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் மைனி கேட்டாள், பேனாவை மூடிக்கொண்டே, "சார், டம்மி ஜெயிச்சா என்ன ஆகும்?" மறுபடி சிரித்தார்கள் பாருங்கள், கொம்பையா அண்ணாச்சிக்குப் புரையேறி அண்ணன் தண்ணி எடுத்துக் குடுத்தான். "டம்மி ஜெயிக்காது தாயி, ஜெயிச்சா அது டம்மி இல்ல" என்று இருமிக்கொண்டே சொன்னார். அண்ணனும் சிரித்தான். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. அவள் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று இன்னும் காத்திருக்கிற மாதிரி வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். அவளை நான் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதுதான் என் சீக்கு. பொறாமை இருந்தால் ஒரு ஆளை விட்டுக் கண் நகராது. அவள் தட்டில் எத்தனை துண்டு மீன் விழுகிறது, அண்ணன் அவளை எத்தனை தடவை ஜெயா என்கிறான், ஜெயா என்று சொல்லும்போது அவன் குரல் எப்படி இளகுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு பொம்பளை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், சாப்பாட்டுத் தூக்குவாளி, கையில் என்னுடையது மாதிரியே ஒரு பேப்பர். "வாபஸா தம்பி?" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மைக்கா?" மைனிக்கு என்றேன். அவளாகவே சொன்னாள், பெயர் ஆவுடைத்தங்கமாம், பதினாலாவது வார்டாம், சித்தி மகளுக்கு டம்மியாம். "எனக்கு இது மூணாவது எலக்‌ஷன். மூணுலயும் டம்மிதான். இப்பம்லாம் பாரம் பாக்காமலே எந்த எடத்துல கையெழுத்துன்னு சொல்லிருவேன். எங்க வீட்டு ஆளு என்னய வாபஸுன்னுதான் கூப்புடுது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். "முத தடவதான் ஒரு மாதிரி இருக்கும் தம்பி. வெளிய ஒட்டிருக்க லிஸ்ட்ல நம்ம பேர பேனா வச்சு அடிப்பாவ பாத்துக்கோ, அத மட்டும் நின்னு பாக்கக்கூடாது. குடுத்தமா, சட்டுன்னு பஸ் ஏறுனமான்னு இருக்கணும். ஒன் மைனிட்ட சொல்லு." எழுந்து உள்ளே போனாள். ஆபீஸர் அம்மா பேப்பரை வாங்கி, முகத்தைப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி, முத்திரை குத்தினார்கள். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, "வாரேன் தம்பி, நீயும் சீக்கிரம் குடுத்துட்டு வயித்துக்கு எதையாவது தின்னு" என்று வாளியை எடுத்துக்கொண்டு அவள் போன பிறகு, ஒருவன் பேனாவோடு வந்து போர்டில் பதினாலாவது வார்டு லிஸ்டில் ஒரு கோடு போட்டான். அளவுகோல்கூட வைக்கவில்லை. கோடு வளைந்து பக்கத்துப் பெயரையும் லேசாகத் தொட்டது. அவள் சொன்னது சரி, பார்த்திருக்கக் கூடாது, நான் பார்த்துவிட்டேன். எங்கள் வார்டு லிஸ்டில் நாலாவது பெயர் ஜெயக்கொடி, க/பெ பூலுடையார். அண்ணன் பெயர்கூட அவள் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. என் பெயர் அருஞ்சுனை, அது மனுவுக்குள்ளே ஏழாம் பக்கத்திலோ என்னமோ இருக்கும், அதை யாரும் ஒட்டமாட்டார்கள். நான் டம்மிகூடக் கிடையாது. டம்மிக்காவது நாலு நாள் பெயர் வெளியே இருக்கிறது.

அம்மை செத்தபோது எனக்குப் பத்து வயசு, அப்பா அதற்கு முன்னாடியே இல்லை. அண்ணன்தான் சோறு வடித்தான், உடுப்புத் துவைத்தான், சனிக்கிழமை ஆனால் கடையில் பொரிச்ச பரோட்டா நாலு வாங்கி வந்து ஒரே இலையில் பிய்த்துப் போட்டு ரெண்டு பேரும் தின்போம், சால்னாவில் எலும்பு கிடைத்தால் என் பக்கம் தள்ளுவான். எந்த டயர் போடலாம், எந்தப் படத்துக்குப் போகலாம், எல்லாம் என்னைக் கேட்பான், நான் என்ன சொன்னாலும் அதைச் செய்யமாட்டான், ஆனால் கேட்பான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் வந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. நல்லவளைப் பிடிக்காமல் போவது இருக்கிறதே, அதைப் போலக் கேவலம் ஒன்றும் இல்லை, யாரிடமும் சொல்ல முடியாது. நான் ப்ளஸ் டூவில் பிசிக்ஸ் ஊற்றிக்கொண்டபோது அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, இவள்தான் மறுதேர்வுக்கு பாரம் வாங்கி வந்து பென்சிலால் எனக்காக நிரப்பி வைத்தாள், மேலே நான் பேனாவால் எழுதினால் போதும். எழுதவில்லை. வாட்டர் சர்வீஸில் கார் கழுவப் போய்விட்டேன். அவள் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, என் கை ஊறிப் போவதைப் பார்த்துத் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஒரு டப்பாவில் ஊற்றி என் பாய் பக்கம் வைத்தாள். இப்போது எதைக் கேட்டாலும் அண்ணன், "ஒங்க மைனிட்ட கேளு" என்கிறான். மனுத் தாக்கல் அன்றைக்கு அவள் கையெழுத்துப் போடுவதை அவன் போட்டோ எடுத்தான், என் முழங்கை அதில் விழுந்திருந்தது, அதை வெட்டிவிட்டு ஸ்டேட்டஸ் வைத்தான், வேட்பாளர் ஜெயா என்று. டம்மி என்று போடவில்லை. அந்த ஸ்டேட்டஸைத்தான் தெருவே பார்த்தது, அதிலிருந்துதான் வம்பு ஆரம்பித்தது. மறுநாள் சாயங்காலம் கீழத்தெருப் பொம்பளைகள் நாலு பேர் வந்துவிட்டார்கள். "ஏ ஜெயா, நீ நிக்கியாமே, எங்க தெருக்குழாயில மூணு மாசமா காத்துதான் வருது, என்னன்னு கேளு." அவள் நான் டம்மி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் திருத்துகிற நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டாள். எந்த வீட்டிலிருந்து வரவில்லை, எந்த நேரம், வால்வு யார் திறக்கிறது. அண்ணன் கதவில் சாய்ந்து, "ஏ பிள்ள, நீ டம்மி பாத்துக்கோ" என்றான் சிரித்துக்கொண்டு. "தெரியும், கேட்டு எழுதுததுக்கு என்ன" என்றாள். அடுத்த நாள் ஸ்கூல் விட்டு நேரே கீழத்தெருவுக்குப் போய் வால்வு திறக்கிற ஆளைக் கண்டுபிடித்து, அவனோடு மூடியைத் தூக்கிப் பார்த்து, சேலை நுனியெல்லாம் சகதியோடு வந்தாள். மூணு நாளில் அந்தத் தெருவுக்குத் தண்ணி வந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்த தெருவுக்கு அடுத்த தெரு அது. அந்த மூடியை நான் ஆயிரம் தடவை மிதித்திருக்கிறேன். எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா. தண்ணி வந்த சந்தோஷம் ஒரு சொட்டு இல்லை, அவள் வந்து ரெண்டு வருஷம்தானே ஆச்சு, அவளுக்கு ஏன் எல்லாக் கதவும் திறக்கிறது, அவளை மட்டும் ஏன் ஜெயா ஜெயா என்று கூப்பிடுகிறார்கள், இதுதான் ஓடியது.

போன் அடிக்கிறது, மைனி. ரெண்டு முப்பத்தெட்டு. பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். "சுனை, சாப்ட்டியா?" "சாப்ட்டேன் மைனி." சாப்பிடவில்லை. "குடுத்துட்டியா?" "இல்ல, கூட்டமா இருக்கு" என்றேன், எதிரே காலியாகக் கிடக்கிற நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு. ஒரு பிள்ளை மிஸ் மிஸ் என்று அவளை இழுக்கிறது, அவள் அதற்கும் பதில் சொல்லவில்லை. நான் போன் கட்டாகிவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன், ஆகவில்லை. "சரி. மூணு வரைக்கும் டைம் இருக்குல்லா" என்றாள். வைத்துவிட்டாள். சீக்கிரம் குடு என்று சொல்லவில்லை. குடுக்காதே என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதாதா, அதை வைத்துக்கொண்டு நான் பெரிய யோக்கியனாகிவிடலாம், மைனி மனசுக்குள் ஆசைப்பட்டாள், அதனால் செய்தேன் என்று நாளைக்குச் சொல்லலாம். பொய். நான் காலையில் பேப்பரை மடக்கும்போதே யோசித்தது வேறு. இதைக் குடுக்காமல் விட்டால் அவள் மாட்டுவாள் என்றுதான் யோசித்தேன். கொம்பையா அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்று, டம்மிக்கு ஆச வந்துட்டோ என்று கத்துவார், அண்ணனிடம் லாரிச் சாவியை வாங்குவார், அண்ணன் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சத்தம் போடுவான், ஜெயா என்று இளகாமல், பிறகு கோபத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, வாலே சுனை என்று என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவான். காலையிலிருந்து இதையே படம் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன், இனிப்பாக இருந்தது. ஒரு மணி நேரம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததும் படம் மாறிவிட்டது. அண்ணன் சத்தம் போடமாட்டான். எனக்குத் தெரியாதா அவனை. சாவியைக் குடுத்துவிட்டு ஒரு ராத்திரி பேசாமல் கிடப்பான், விடிந்ததும் அவள் பக்கத்தில் நிற்பான், ஆட்டோ பிடித்து மைக் கட்டி, உங்கள் ஜெயா என்று தெருத்தெருவாகப் போவான், கீழத்தெரு முழுக்கப் பின்னால் போகும், நான் நோட்டீஸ் ஒட்டுவேன். குடுக்காவிட்டால் அவள் பெரிய ஆளாகிவிடுவாள். அப்படியானால் குடுத்துவிட வேண்டியதுதானே, எழுந்திரு, பத்து எட்டு, அவள் பெயரில் ஒரு கோணல் கோடு, முடிந்தது. எழுந்தும்விட்டேன். கதவுவரை போய்விட்டேன். ஆபீஸர் அம்மா, "என்ன தம்பி, எதுவும் குடுக்கணுமா?" என்று கேட்டார்கள். பையில் கை வைத்தேன்.

கோடு போட்ட பிறகு என்ன ஆகும். சாயங்காலம் அவள் ஸ்கூலிலிருந்து வருவாள், குடுத்துட்டியா என்பாள், குடுத்துட்டேன் என்பேன், நல்லது என்று கால் கழுவிவிட்டு எனக்குச் சோறு போடுவாள். அந்த நோட்டை என்ன செய்வாள், மீதிப் பக்கத்தில் ஏபிசிடி திருத்துவாள். அடுத்த எலக்‌ஷனுக்கும் கொம்பையா வருவார், சொன்னபடி கேட்கிற பொம்பளை வேண்டும் என்று. அதற்கடுத்த எலக்‌ஷனுக்கும். எந்த இடத்தில் கையெழுத்து என்று அவளும் பாரம் பார்க்காமலே சொல்லுவாள், அண்ணன் அவளை ஸ்டெப்னி என்று கூப்பிட்டு அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்புறம் நான் யாரைப் பார்த்து எரிவது. இது என்ன கேள்வி என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் இதுதான் வந்தது, பையில் கை இருக்கும்போது இதுதான் வந்து மாட்டிக்கொண்டது, நகரவே இல்லை. ரெண்டு வருஷமாக எனக்குத் தூக்கம் கெட்டது, சோறு இறங்காமல் போனது, அண்ணன் சிரித்தாலே வயிறு காந்தியது, இவ்வளவும் ஒரு டம்மியைப் பார்த்தா? எவனாவது டம்மியைப் பார்த்துப் பொறாமைப்படுவானா? கொம்பையாவுக்கு அவள் யார் என்று தெரியாது, வக்கீலுக்குத் தெரியாது, ஜெயா ஜெயா என்று இளகுகிற அண்ணனுக்கே தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கு அப்படிச் சிரித்திருக்கமாட்டான். அவள் எவ்வளவு பெரிய ஆள் என்று இந்த ஊரிலேயே எரிந்து எரிந்து அளந்து வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான். எனக்கு அவள் ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. நான் அவளுக்கு ஓட்டுப் போடுவேனா என்றுகூட எனக்குத் தெரியாது. லாரி போகும், அண்ணன் என்னை அடிப்பான், அவளே என்னை அடித்தாலும் அடிப்பாள், அவளைக் கேட்காமல் செய்ததற்கு அவள் அடிக்க வேண்டியதுதான். "எதுவும் இல்ல மேடம்" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் போன். ரெண்டு ஐம்பத்தொன்று. லாரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்துகிறான். "என்னலே, கொம்பையாண்ணாச்சி கேட்டுட்டே இருக்காவ, குடுத்தியா இல்லையா?" "இல்லண்ணே." "எங்கல இருக்க?" "வாசல்லதான்." "வாசல்ல என்னல புடுங்குத! இங்க பாரு, ஒண்ணும் யோசிக்காத. எந்திரி, உள்ள போ, குடு, வெளிய வா. கேக்கா?" கேட்கிறது என்றேன். ஐம்பத்தி மூணு. உள்ளே ஆபீஸர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஐம்பத்தி ஏழு. பேனா வைத்திருக்கிற ஆள் போர்டு பக்கம் வந்து நின்று கொட்டாவி விட்டான். அண்ணன் மறுபடி அடிக்கிறான், எடுக்கவில்லை. மைனி அடிக்கவில்லை. மூணு மணி. கதவை உள்பக்கமாகச் சாத்துகிறார்கள், சாத்தும்போது அந்தம்மா கடைசியாக ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள். எந்திரி என்றான் அண்ணன். உள்ளே போ என்றான். குடு என்றான். ஒண்ணும் யோசிக்காதே என்றான், அதைத்தான் முதலில் கேட்கவில்லை, மற்றதையும் கேட்கவில்லை.